சங்குமுனையின் நூறாண்டு அலை

சங்குமுனைத் துறைமுக வேலை நின்று போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுபாஜினி அம்மாவைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். லுணுகலை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ நிற்குமிடத்துக்கு வந்தாள். மற்ற நாட்களில் அவளைக் கண்டதும் "வாங்க டீச்சர்" என்று பையை வாங்கி வைக்கிற ஓட்டோக்காரர் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆள் இருக்கு" என்றார்.

ஓட்டோவுக்குள் யாரும் இல்லை. சுபாஜினி நடந்தே மலை ஏறினாள்.

லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கடந்து போன பிறகு ஒருத்தி, அவள் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: "நம்ம லயத்துல பொறந்தது நம்ம பிள்ளைங்க வயித்துலயே அடிச்சிருச்சு பாத்தியா."

அடித்தது உண்மைதான். அந்தத் தோட்டத்திலிருந்து முப்பது இளைஞர்களுக்கு மேல் மொனராகலை வழியாக பஸ் ஏறி, கிழக்குக் கரையில் உள்ள சங்குமுனைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே மீன்பிடித் துறைமுகம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் நீளும் அலைதடுப்பின் மேல் அடுக்குவதற்குக் கொங்கிரீட் கற்களை வார்ப்பது அவர்களுடைய வேலை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் சுபாஜினியின் அண்ணன் கஜேந்திரன். கொழுந்து மலையில் தோட்டத் துரைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன், சங்குமுனையில் தன் ஆட்களுக்குத் தானே தலைவனாக நின்றான். அந்த வேலையைத்தான் தங்கையின் கணக்கு நிறுத்தியிருந்தது.

சுபாஜினி பதுளையில் உள்ள பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் விரிவுரையாளர். செயற்கைக்கோள்கள் கடலை அளந்து அனுப்பும் தரவுகளிலிருந்து, ஓர் இடத்தில் நூறு வருஷத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்க வேண்டிய பெரிய அலையின் உயரத்தைக் கணிப்பது அவளுடைய ஆய்வு. அலைதடுப்பின் வடிவமைப்பைச் சரிபார்த்துத் தரும்படி துறைமுகத்தைக் கட்டும் அரசுத் திணைக்களம் பல்கலைக்கழகத்தைக் கேட்டது. வடிவமைத்த கம்பனி ஐந்து மீட்டர் அலைக்குக் கணக்குப் பார்த்திருந்தது. சுபாஜினிக்கு ஆறு தசம் ஆறு மீட்டர் வந்தது. அவள் அதை எழுதிக் கொடுத்தாள். மறுவாரம் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

வீட்டு வாசலில் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போக இடம் விடவில்லை.

"அண்ணே, தள்ளுங்க."

"எதுக்கு வந்த? யாரு யாரு வீட்டுல அடுப்பு எரியலன்னு பாக்கவா?"

உள்ளேயிருந்து அம்மா ரெங்கம்மா, "பிள்ள உள்ள வரட்டும்டா" என்றாள். அவன் அசையவில்லை.

"நீ எப்பவாச்சும் சங்குமுனைக்கு வந்திருக்கியா சுபா?"

"ஒரு தடவை வந்தேன்."

"ஒரு தடவை! நான் ஒன்றரை வருஷம் அந்தக் கடல் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சேன். ஆறு மீட்டர் அலை நான் காணல. அங்க மீன் பிடிக்கிறவன் காணல. பதுளை மலைக்கு மேல உக்காந்துக்கிட்டு நீ கண்டியா?"

"நான் காணல. சாட்டிலைட் அளந்தது."

"எப்படி அளந்துச்சு? சொல்லு. எனக்கும் தெரியட்டும்."

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள். அது அவளுடைய குணம்.

"மேல இருந்து ரேடார் துடிப்பு ஒண்ண நேரா கீழ கடல் மேல அனுப்பும். கடல் தட்டையா கிடந்தா எதிரொலி டக்குன்னு ஒரே வெட்டா திரும்பி வரும். அலை இருந்தா முகட்டுல பட்டது முந்தி வரும், பள்ளத்துல பட்டது பிந்தி வரும். எதிரொலி இழுபட்டு வரும். எவ்வளவு இழுபடுதோ அவ்வளவு உயரமான கடல். முப்பது வருஷமா இப்படி அளந்துக்கிட்டு இருக்காங்க. அதுல பெரிய புயல்கள மட்டும் பிரிச்செடுத்து, அதைவிடப் பெருசு எவ்வளவு அபூர்வமா வரும்னு கணக்குப் போடலாம்."

"முப்பது வருஷத்தப் பாத்து நூறு வருஷத்துக்குச் சொல்ற."

"ஆமா."

"ஜோசியக்காரனும் அதத்தான் சொல்றான்" என்று கஜேந்திரன் எழுந்தான். "அவன் சொன்னதுக்காக யாரும் வேலைத்தலத்து கேட்டை இழுத்து மூடல."

அவளைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே போனான். ரெங்கம்மா மகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள். அவள் சாப்பிட்டுக் கை கழுவும்போது ரெங்கம்மா, "அடுத்த கிழமை வராத. இவனுங்க கொஞ்சம் அடங்கட்டும்" என்றாள்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்தில் கூட்டம் நடந்தது. திணைக்களத்திலிருந்து பணிப்பாளர் லத்தீப் வந்திருந்தார். கம்பனி சார்பில் வந்தவர் பொறியியலாளர் முஸ்தாக். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. கெட்டிக்காரர் என்று பெயர், வாய் நீளம் என்றும் பெயர். சுபாஜினியின் அறிக்கையை அவர் மேசையில் வைத்த விதத்திலேயே அது தெரிந்தது. கவிழ்த்து வைத்தார்.

"மிஸ், ஒரு கேள்வி. நீங்க எப்பவாச்சும் வள்ளத்துல ஏறி ஈக்கிறீங்களா?"

அவருடன் வந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல. என் அறிக்கையில வள்ளத்தப் பத்தி எதுவும் இல்ல" என்றாள் சுபாஜினி.

"கடலைப் பத்தியும் இல்லன்னுதான் நான் சொல்ல வந்தேன்."

அவர் மடிக்கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். சங்குமுனைக் கரை. அதன் குறுக்கே செயற்கைக்கோள் பறந்த பாதை, நிலத்திலிருந்து கடலுக்குள் போகும் சாய்ந்த கோடு. கோட்டின் மேல் அவள் கணக்கில் சேர்த்திருந்த பெரிய அலைகள் புள்ளிகளாக இருந்தன. கரைக்கு மிக அருகே உள்ளவற்றை அவர் சிவப்பாக்கி வைத்திருந்தார்.

"இதப் பாருங்க சேர்" என்று லத்தீப்பிடம் சொன்னார். "சாட்டிலைட் நிலத்தத் தாண்டி இப்பதான் கடலுக்கு மேல வந்தீக்கிது. ரேடார் படுற வட்டம் பெருசு. அதுல பாதி கடல், பாதி கரை. எதிரொலி இழுபட்டு வந்தது அலையால இல்ல, மணல்மேட்டால. மிஸ் மணல அளந்து போட்டு அலைன்னு எழுதி ஈக்கிறாங்க. அதுக்கு நாங்க வேலையை நிப்பாட்டி வச்சீக்கிறோம்."

சுபாஜினி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். கரைக்கு அருகே வரும் அளவீடுகளை நீக்குவதற்கு அவள் ஒரு எல்லை வைத்திருந்தாள். பெரிய புயல்களின் அளவீடுகளே சொற்பம், அவற்றையும் இழக்கக் கூடாது என்று அந்த எல்லையைச் சற்றுத் தளர்த்தியிருந்தாள். சிவப்புப் புள்ளிகள் அந்தத் தளர்வின் வழியாக உள்ளே நுழைந்தவை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அது புரிந்தது.

"இந்தப் புள்ளிகளைத் திரும்பப் பார்க்கணும்" என்றாள்.

"பார்க்கத் தேவையில்ல. வாபஸ் வாங்குங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

"எத்தனை நாளைக்கு? அங்க கிரேன் துருப்பிடிக்கிது மிஸ். ஒங்கட தோட்டத்துப் பொடியன்மார்தான் சும்மா ஈக்கிறாங்க. ஒங்கட கூடப்பொறந்த நானாவும் அதுல ஒருத்தர்ன்னு கேள்விப்பட்டேன்."

"அத இங்க பேச வேணாம்" என்று லத்தீப் குறுக்கிட்டார். அவளுக்கு ஒரு வாரம் கொடுத்தார்.

அவள் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, திரும்பி வந்த எதிரொலியின் வடிவத்தைப் பார்த்தாள். இரண்டைத் தவிர மற்றவை கெட்டவை. முஸ்தாக் சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது அவளுக்கு வந்தது வெட்கமில்லை, ஆத்திரம். அந்த மனிதனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆறு தசம் ஆறு கீழே இறங்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது. கெட்ட புள்ளிகளை எடுத்துவிட்டுக் கணக்கை ஓட்டினாள். ஐந்து தசம் நான்கு. மேசையை ஓங்கி அடித்தாள்.

பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, முஸ்தாக்கின் ஐந்து மீட்டர் எப்படி வந்தது என்று அவர்களுடைய அறிக்கையை முதலிலிருந்து படித்தாள். அவர்களும் செயற்கைக்கோள் அளவீடுகளைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள், வேறு கணிப்புகளோடு சேர்த்து. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் தொடவே இல்லை. செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேல் ஒரு கணம்தான் இருக்கும், அதே பாதைக்குத் திரும்பி வர நாட்கள் ஆகும். புயலின் உச்சம் பெரும்பாலும் அது இல்லாத நேரத்தில்தான் வந்து போகும். அளந்ததில் பெரியது, வந்ததில் பெரியது அல்ல. அந்த இடைவெளிக்கு ஈடு செய்யாத கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். அவளுடைய முதல் கணக்கிலும் அந்த ஈடு அரைகுறையாகவே இருந்தது. பக்கத்துப் பாதைகளையும், கடலில் மிதக்கும் அளவுமிதவைகளின் பதிவுகளையும் வைத்து அதைச் சரியாகச் செய்தாள். ஐந்து தசம் ஒன்பது வந்தது. அரை மீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் துல்லியம் அந்தத் தரவுகளில் இல்லை.

அந்த வாரத்தின் நடுவில் அவளுடைய அலுவலகத்துக்கே ஆள் வந்தது. கஜேந்திரனும் தோட்டத் தலைவர் மாரிசாமியும். மாரிசாமி தொழிற்சங்கத்தில் பழுத்தவர், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். அன்றைக்கும் அந்தக் குரலிலேயே பேசினார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உன் கணக்கு தப்புன்னு என்ஜினியர் காட்டிட்டாராமே."

"ஒரு இடத்துல தப்புதான் மாமா. திருத்திட்டேன்."

"தப்புன்னு ஒத்துக்கிற. அப்ப அஞ்சுன்னு எழுதிக் குடு. முடிஞ்சுது."

"அஞ்சு இல்ல. ஐந்து தசம் ஒன்பது."

கஜேந்திரன் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். "ஆறே முக்கால்னு சொன்ன..."

"ஆறு தசம் ஆறு."

"என்னமோ ஒரு எழவு! அது இறங்கி ஆறுக்கு வந்திருச்சு. இன்னொருக்கா போட்டா அஞ்சுக்கு வராதா?"

"வராது. நான் நினைச்சா வர்ற எண் இல்ல அது."

"ஒரு மீட்டர் கூடக் குறைய இருந்தா என்ன? இடுப்பளவு தண்ணி."

"இடுப்பளவு தண்ணி இல்ல அண்ணே. அலையோட உயரத்த மூணு தடவை ஒண்ணோட ஒண்ணு பெருக்குற கணக்குல கல்லோட எடையும் ஏறணும். அஞ்சு மீட்டருக்கு எட்டு தொன் கல்லு நிக்கும்னா, இதுக்குப் பதிமூணு தொன் வேணும். எட்டு தொன் கல்லு உருண்டுச்சுன்னா அணை பிரியும். உள்ள கட்டியிருக்கிற வள்ளம் எல்லாம் போகும். ஆளும் போகும்."

"எப்ப? நூறு வருஷத்துக்கு அப்புறம். அப்ப நீயும் இல்ல, நானும் இல்ல."

"நூறு வருஷம் கழிச்சு வரும்னு அர்த்தம் இல்ல. எந்த வருஷமும் வரலாம், நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னுதான் அர்த்தம். வர்ற வருஷமும் வரலாம்."

மாரிசாமி கஜேந்திரனின் தோளைத் தொட்டார். "வாடா. இதுகிட்டப் பேசிப் பிரயோசனம் இல்ல. நம்ம ஆளுன்னு நெனச்சுக்கிட்டு வந்தோம்."

வாசல்வரை போன கஜேந்திரன் திரும்பினான். "இனிமே நீ லயத்துப் பக்கம் வந்தா நான் இருக்க மாட்டேன். நான் இருந்தா நீ வராத" என்றான்.

இரண்டாவது கூட்டம் சீக்கிரம் முடிந்தது. சுபாஜினி எழுந்து, கரைக்கு அருகே உள்ள அளவீடுகள் பற்றி முஸ்தாக் சொன்னது சரி, அவை நீக்கப்பட்டன என்றாள். முஸ்தாக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் தொடர்ந்து, கம்பனியின் கணக்கு புயல் உச்சங்களைத் தவறவிடுகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டினாள். அவர் சாய்விலிருந்து நிமிர்ந்தார். அரை மணித்தியாலம் இருவரும் கத்தினார்கள். "அளக்காத புயலை எல்லாம் நீங்களா உண்டாக்குறீங்க" என்றார் அவர். "அளக்காததால அது வரலன்னு நீங்க சொல்றீங்க" என்றாள் இவள். மிதவைப் பதிவில் இருந்த ஒரு சூறாவளியைக் காட்டினாள். அந்தப் புயல் நாளில் செயற்கைக்கோள் சங்குமுனைக்கு மேல் வரவே இல்லை. முஸ்தாக் அதை நீண்ட நேரம் பார்த்தார், ஒப்புக்கொள்ளவில்லை. லத்தீப் ஐந்து தசம் ஒன்பதை எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது முஸ்தாக் அவள் அருகே வந்தார். "நீங்க வென்டுட்டீங்கன்னு நினைக்க வேணாம் மிஸ். ஒங்கட முதல் எண் குப்பை. நான் சொல்லாட்டி அந்தக் குப்பையிலதான் துறைமுகம் கட்டி ஈப்பாங்க."

"உங்க எண்ணுல கட்டியிருந்தா துறைமுகமே இருந்திருக்காது" என்றாள் அவள்.

இருவரும் எதிரெதிர்ப் பக்கமாகப் போனார்கள்.

வேலை மறுபடி தொடங்கியது. ஆனால் பதிமூன்று தொன் கல்லுக்குப் புது அச்சு வேண்டும், பெரிய கிரேன் வேண்டும், கலவையும் இயந்திரத்தில்தான் வர வேண்டும். அதற்கென்று வேறு ஒப்பந்தக்காரர் வந்தார், தன் ஆட்களோடு வந்தார். தோட்டத்து இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்துவிட்டார்கள். மிச்சப் பேரைப் புதியவர் சேர்த்துக்கொண்டார். அவர்களில் கஜேந்திரனும் இருந்தான், தலைவனாக இல்லை, பத்தோடு பதினொன்றாக.

அந்த வருஷம் கடல் சும்மா கிடந்தது. வங்காள விரிகுடாவில் உண்டான தாழமுக்கப் புயல்கள் எல்லாம் வடக்கே விலகிப் போயின. மார்கழி போய் தை வந்தது. பொங்கலுக்கு அம்மாவுக்குச் சேலை கொடுக்கப் போன சுபாஜினியை மாரிசாமி கோயிலடியில் மறித்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"எங்கம்மா உன் அலை? வருது வருதுன்னு எங்க பிள்ளைங்கள வீட்டுல உக்கார வச்சியே?"

ஒரு வருஷம் வராதது எதையும் காட்டாது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். சேலையை ரெங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. கஜேந்திரன். பேசி ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது.

"உன்கிட்டப் பேசுறதுக்குக் கூப்பிடல" என்றான் எடுத்த எடுப்பில். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. "நாளைக்கு அலைதடுப்பு முனையில கல்லு இறக்கணும்னு சொல்றாங்க. நான் ஒன்பது பேரோட அங்க நிக்கணும். இன்னைக்குக் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு. ஆனா மீன்காரங்க வள்ளத்த மேல இழுத்துப் போடுறாங்க. கேட்டா நீரோட்டம் சரியில்லங்கிறாங்க. உன் சாட்டிலைட்டுல என்ன இருக்கு?"

"லைன்லயே இருங்க" என்றாள். புதிய அளவீடுகளைத் திறந்தாள். சங்குமுனைக்கு மேலே ஒன்றுமில்லை. பார்வையைத் தெற்கே, இன்னும் தெற்கே கொண்டு போனாள். இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், கரையே இல்லாத இடத்தில், சில நாட்களுக்கு முன் மூன்று செயற்கைக்கோள் பாதைகள் ஒரு பெரிய புயலைக் குறுக்கே வெட்டியிருந்தன. அங்கே கிளம்பிய அலை எப்போது இங்கே வந்து சேரும் என்று கணக்குப் பார்த்தாள்.

"அண்ணே, தெற்கே தூரத்துல பெரிய புயல் அடிச்சிருக்கு. காத்து உங்க பக்கம் வராது. அலை மட்டும் வரும். நாளைக்குக் காலையில இருந்து ஏறும். மூணு மீட்டருக்குக் கிட்ட. அது சராசரி. நடுவுல ஒண்ணு ரெண்டு, அதைவிட ரெண்டு மடங்குக்குக் கிட்ட வரலாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. வரும்னு நினைக்கிறேன். முனைக்குப் போகாதீங்க, யாரையும் போகவும் விடாதீங்க."

இணைப்பு அறுந்தது.

மறுநாள் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கஜேந்திரன் முனைக்குப் போக மாட்டேன் என்றான். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவனோடு நின்ற ஒன்பது பேரில் நாலு பேர், வேலை போய்விடும் என்று பயந்து முனைக்கு நடக்கத் தொடங்கினார்கள். கஜேந்திரன் ஓடிப்போய் நடைபாதையில் குறுக்கே நின்று, ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தான். அடிதடியே நடந்தது. சத்தம் கேட்டு வந்தவர், கம்பனி சார்பில் அங்கே வேலையைக் கண்காணித்த முஸ்தாக்.

"யார் சொன்னது அலை வரும்ன்டு?"

"என் தங்கச்சி."

முஸ்தாக்கின் முகம் கறுத்தது. ஆனால் அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். காற்றே இல்லாமல் நீளமான மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தை வைத்து அந்த இடைவெளியை அளந்தார்.

"கிரேனைப் பின்னுக்கு எடு. ஒருத்தரும் முனைக்குப் போகத் தேவையில்ல" என்றார் மேற்பார்வையாளரிடம்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே அலை முனைக்கு மேலாக ஏறி அடித்தது. கிரேன் நின்ற இடத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போனது. வேலை நின்றதிலிருந்து சரியாகப் பூட்டி அடுக்காமல் கிடந்த பழைய எட்டு தொன் கற்களில் இரண்டு புரண்டு உள்பக்கம் விழுந்தன. ஆள் யாரும் அங்கே இல்லை.

அன்று பின்னேரம் முஸ்தாக்கிடமிருந்து சுபாஜினிக்கு ஒரு புகைப்படம் வந்தது. புரண்டு கிடந்த கற்கள். கீழே ஒரு வரி: 'இதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க ஏலாது.'

அவள் அதைப் படித்தாள். அவர் சொன்னது சரிதான். ஐந்து தசம் ஒன்பது என்பதும் ஒரு புயலின் சராசரி உயரம்தான், அன்றைக்குச் சராசரி மூன்று; அடித்தது நூறாண்டு அலை இல்லை, அதற்குப் பக்கத்திலும் இல்லை. கற்கள் புரண்டது பூட்டப்படாததால். 'ஆமாம்' என்று பதில் அனுப்பினாள். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு நடக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் தோட்டத்துக்குப் போனாள். கஜேந்திரன் லீவில் வந்திருக்கிறான் என்று தெரிந்தேதான் போனாள். குழாயடியில் யாரும் அவளோடு பேசவில்லை. வாசலில் அவன் வேலைக்குப் போடும் சப்பாத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். உதட்டில் காய்ந்த காயம், நடைபாதைச் சண்டையில் பட்டது. அவளைக் கண்டும் எழுந்து போகவில்லை, நகர்ந்து வழியும் விடவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ரெங்கம்மா தேத்தண்ணி ஊற்றினாள். வெளியே தூரிகை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அடுத்த கிழமை கடல் எப்படி?" என்று கஜேந்திரனின் குரல் வந்தது. அவன் முகம் இன்னும் ரோட்டுப் பக்கமே இருந்தது.

சுபாஜினி கோப்பையைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமைக்கு மேலதான் தெரியும்."

"தெரிஞ்சா அம்மாகிட்டச் சொல்லு" என்றான். "எனக்குக் கூப்பிடாத."